சக்கரப் பெட்டியா, முதுகுப் பையா: டெல்டாக்காரரின் 7 கிலோ கணக்கு

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்குப் பறக்கும் ஏர் ஏசியாவில் கையோடு கொண்டுசெல்ல 7 கிலோ வரை அனுமதி உண்டு. சிங்கப்பூர் செல்லும் ஸ்கூட்டில் 10 கிலோ. உள்நாட்டில் இண்டிகோ என்றால் மறுபடியும் 7 கிலோதான். இந்த வரம்புக்குள் பையின் சொந்த எடையும் அடங்கும் என்பதால், போட்டி கடையிலேயே தொடங்கிவிடுகிறது. கெட்டி ஓடு வைத்த டிராலி காலியாக இருக்கும்போதே இரண்டரை முதல் மூன்று கிலோ எடை இருக்கும். ஏறக்குறைய அதே அளவு சாமான் பிடிக்கும் துணி முதுகுப் பை ஒன்று, ஒன்றேகால் கிலோவுக்குள் கிடைக்கும். இண்டிகோவின் அளவான 55, 35, 25 சென்டிமீட்டருக்குள் இரண்டும் அடங்கும் என்றாலும், முழுக்க நிரப்பாத துணிப் பையை அமுக்கிச் சுருக்கலாம், ஓட்டுப் பெட்டியை முடியாது.

எந்தப் பையானாலும் உள்ளே போகும் துணிதான் மிச்சக் கணக்கைத் தீர்மானிக்கிறது. ஒரு ஜீன்ஸ் அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துவைத்தால் இரண்டு நாளானாலும் இடுப்புப் பட்டியில் ஈரம் போகாது. நான்கு முழ வேட்டியோ மெல்லிய பருத்திக் கால்சட்டையோ இரவில் அலசி மின்விசிறிக்குக் கீழே கொடி கட்டிப் போட்டால், பெரும்பாலும் விடியும்போது உடுத்தத் தயாராக இருக்கும். டர்க்கி டவலுக்கும் ஈரிழைத் துண்டுக்கும் இடையில் எனக்கு யோசனையே இல்லை: துண்டு தலை துவட்டும், வெயிலுக்கு முக்காடாகும், மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். மூன்று செட் துணி ஒரு வாரத்துக்குப் போதும் என்று நான் சொல்வது இப்படி ஒரே இரவில் காயும் துணிகளை நம்பித்தான்.

வீட்டில் கட்டிக் கொடுக்கும் பலகாரத்தில் முறுக்குக்குப் பிரச்சினை இல்லை. நெய் பாட்டிலும் ஊறுகாயும் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டுவது கடினம்.

இனி, வழி. சக்கரத்தின் பெருமையெல்லாம் விமான நிலையத்தின் வழவழப்பான தரையில்தான் தெரியும். மன்னார்குடியிலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ புறப்படுகிறவர் அந்தத் தரையை மிதிக்கும் முன் தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு வந்து, புதுக்கோட்டை சாலையில் உள்ள விமான நிலையத்துக்கு இன்னொரு பேருந்தோ ஆட்டோவோ பிடித்தாக வேண்டும். நான்கு சக்கர டிராலியைப் பேருந்தின் நடைபாதையில் நிறுத்தினால், ஓட்டுநர் பிரேக் அழுத்தும் ஒவ்வொரு முறையும் அது முன்னால் இருப்பவரின் காலை நோக்கி உருண்டோடும், "யாருங்க பெட்டி?" என்று நடத்துநர் கேட்கும்போது கையை உயர்த்துவது அவ்வளவு மகிழ்ச்சியான காரியமில்லை. மழைக்காலத்தில் களிமண் அச்சில் அப்பிக்கொண்டால் சக்கரம் சுற்றாது, பெட்டியைத் தூக்கித்தான் நடக்க வேண்டும். முதுகுப் பைக்காரர் ஒரு கையில் குடையை விரித்துக்கொண்டு மறு கை வேலைக்கிருக்கப் போய்விடுவார், ஆனால் கூட்ட நெரிசலில் பையை மார்புப் பக்கம் மாட்டிக்கொள்ளாவிட்டால் பின்னால் நிற்பவரிடம் திட்டு வாங்குவார்.

ஆகவே பேருந்தில் போகும் இளையவர்களுக்கு என் வாக்கு முதுகுப் பைக்கே. இடுப்பு வலியோ தோள்பட்டை வலியோ உள்ள பெரியவர்கள், வீட்டு வாசலிலேயே வாடகைக் கார் ஏறுவதாக இருந்தால், டிராலியே எடுத்துக்கொள்ளலாம்; அப்போதும் நிறுத்தினால் நின்ற இடத்தில் நிற்கும் இரண்டு சக்கர வகையை, ஓடு இல்லாமல் துணியால் ஆனதாகப் பார்த்து வாங்குவது நல்லது.