விளையாடுவதற்கென்றே வாங்கிய 43 அங்குல டி.வி.

எங்கள் வீட்டு டி.வி.யில் சீரியல் ஓடுவதில்லை. பரிசோதனைக் கூடத்தில் இரவுப் பணி முடித்து நான் வேலூர் சத்துவாச்சாரி வீட்டுக்கு வந்து சேரக் காலை எட்டரை ஆகிவிடும். குளித்துவிட்டு, தூக்கம் கண்ணைக் கட்டும்வரை அரை மணி நேரம் கிரிக்கெட் விளையாடுவேன். என்னிடம் இருப்பது பிளேஸ்டேஷன் 4 ஸ்லிம், டி.வி.யில் செருகி விளையாடும் கேம் கன்சோல். தம்பி பழையதாக வாங்கிக் கொடுத்தான். அதற்காகவே போன தீபாவளிக்கு 24,500 ரூபாய் கொடுத்து 43 அங்குல 4கே டி.வி. வாங்கினேன். கம்பெனிப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ஒரே மாடல் பெயரில் உள்ளே பேனலை, அதாவது படம் காட்டும் திரைப் பலகையை, மாற்றிவிடுகிறார்கள். நான் பார்த்ததே உங்களுக்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எப்படிப் பார்த்து வாங்கினேன் என்பதைச் சொல்கிறேன்.

முன்பு இருந்தது 32 அங்குல எச்.டி. ரெடி. அதன் திரையில் குறுக்கே 1366, நெடுக்கே 768 புள்ளிகள். கன்சோல் அனுப்புவதோ 1920-க்கு 1080. பெரிய படத்தைச் சிறிய சட்டத்துக்குள் அடைக்கும்போது முதலில் அடிபடுவது எழுத்துதான். மூலையில் தெரியும் ஸ்கோரில் 3 எது, 8 எது என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியிருந்தது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொத்தானை அழுத்தினால் மட்டை கொஞ்சம் கழித்துத்தான் சுழலும். அதற்குள் ஸ்டம்ப் விழுந்திருக்கும். தவறு என் கையில் என்றே இரண்டு வருடம் நினைத்திருந்தேன்.

தவறு டி.வி.யில் இருந்தது. வந்த படத்தை டி.வி. அப்படியே காட்டுவதில்லை. புள்ளிகளைத் துடைக்கிறது, அசைவை வழவழப்பாக்குகிறது, நிறத்தைக் கூட்டுகிறது. அதுவரை படத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்குச் சுமார் 17 மில்லி நொடி. நான்கு படத்தைப் பிடித்து வைத்தால் 67 மில்லி நொடி போய்விடும். திரைப்படம் பார்ப்பவருக்கு அது தெரியாது. வேகப்பந்தை எதிர்கொள்பவருக்குத் தெரியும். டி.வி. அமைப்புகளில் இருக்கும் கேம் மோடு இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிடும். ஆனால் எல்லா டி.வி.யிலும் அது ஒரே அளவுக்கு வேலை செய்வதில்லை.

முதலில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். எல்லாத் திரையிலும் கடல், கிளி, மாதுளம்பழம். ஒன்றில் ‘120’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. விவரத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், பேனல் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 படம், என்றே அச்சிட்டிருந்தது. கன்சோலைச் செருகிப் பார்க்கலாமா என்று கேட்டேன். முடியாது என்றார்கள். வந்துவிட்டேன்.

அடுத்த நாள் பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. “பைக்குள் என்னம்மா?” என்று கேட்ட உரிமையாளர், நான் சொன்னதும் அவரே பிளக் பாயிண்ட்டைக் காட்டினார். அங்கிருந்த மூன்று டி.வி.யில் ஒரே ஆட்டத்தை ஓட்டினேன். என் கைப்பேசியில் நொடிக்கு 240 கட்டம் பதிவாகும் ஸ்லோ மோஷன் உண்டு. கட்டைவிரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி வைத்து எடுத்தேன். பிறகு பொத்தான் அமுங்கும் கட்டத்திலிருந்து மட்டை அசையத் தொடங்கும் கட்டம்வரை ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ண வேண்டும். முதல் டி.வி. கேம் மோடு போட்டும் 42 கட்டம். இரண்டாவது 31. மூன்றாவது 26. ஒரு கட்டத்துக்குச் சுமார் 4 மில்லி நொடி. ஆட்டமும் கன்சோலும் எடுத்துக்கொள்ளும் நேரமும் இதற்குள் அடக்கம். அது மூன்றுக்கும் பொது. ஆகவே முதலாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள 16 கட்ட வித்தியாசம் ஏறக்குறைய முழுதும் டி.வி.யினுடையது. கடைக்காரரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னோடு சேர்ந்து எண்ணினார். “இருபது வருடமாக டி.வி. விற்கிறேன், இப்படி யாரும் பார்த்ததில்லை” என்றார். அந்த மனிதருக்காகவே அந்தக் கடையில் வாங்கலாம்.

ஸ்லிம் 4கே தராதே, பிறகு எதற்கு 4கே என்று தம்பி கேட்டான். 4கே திரையில் நெடுக்கே 2160 புள்ளிகள்; 1080-ஐ இரண்டால் பெருக்கினால் அதே 2160. அகலமும் அப்படியே இரட்டிப்பு. ஒரு புள்ளி நான்காகிறது, பிசிறு இல்லை. இந்த அளவில் ஃபுல் எச்.டி. (1920-க்கு 1080) வாங்கினாலும் பெரிதாக மிச்சமாகவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.களுக்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததும் எனக்குக் கைகொடுத்தது. பிளேஸ்டேஷன் 5 வைத்துக்கொண்டு 4கே-யில் 120 படம் வேண்டும் என்பவர்களுக்கு எச்.டி.எம்.ஐ. 2.1 வகை இணைப்புத் துளை உள்ள டி.வி. தேவை. இந்த விலையில் அதைத் தேடி அலைய வேண்டாம்.

குறைகளும் உண்டு. ஒலி தகர டப்பா போல இருக்கிறது. நான் ஹெட்போனில் கேட்கிறேன். மெனு மெதுவாக நகர்கிறது. கறுப்பு நல்ல கறுப்பாகத் தெரிகிறது, ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்தால் நிறம் வெளுத்துவிடுகிறது. காலை வெயில் கிழக்கு ஜன்னல் வழியாக நேரே திரையில் விழும்போது டி.வி.யின் வெளிச்சம் போதவில்லை. வேலூர் வெயிலுக்குத் தடித்த திரைச்சீலை ஒன்று தைத்துப் போட்ட பிறகுதான் சரியானது. கால்கள் இரண்டும் இரு ஓரத்தில் இருப்பதால் என் இரண்டரை அடி மேசையில் நிற்கவில்லை. சுவரில் மாட்ட ஆள் வர நான்கு நாள் ஆயிற்று. மேசையை அளந்துகொண்டு போங்கள்.

மாட்டியதும் ஸ்கோர் பலகையின் ஓரம் வெட்டுப்பட்டுத் தெரிந்தது. பட அளவை ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்று மாற்றினேன், முழுதும் வந்தது. இப்போது 3 மூன்றாகவும் 8 எட்டாகவும் கட்டிலிலிருந்தே தெரிகிறது. தம்பியும் ஆரணியில் தன் வீட்டுக்கு ஒன்று வாங்கப் போகிறான். சனிக்கிழமை கன்சோலைப் பையில் போட்டுக்கொண்டு இருவரும் அதே கடைக்குப் போகிறோம்.