ஜிபிஎல் 3-ஆ, ஏஜிபிஎல் 3-ஆ?

குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மீன் ஏல விலையைக் காட்டும் கட்டற்ற மென்பொருளை (யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம்) நாகர்கோவிலில் நாலு பேர் சேர்ந்து எழுதினால், முதல் சண்டை உரிமத்தில்தான் வரும்.

ஜிபிஎல் 3 என்ற உரிமத்தில், நிரலின் நகலை அடுத்தவருக்குக் கொடுப்பவர்தான் மூலநிரலையும் (படித்துத் திருத்தக்கூடிய வடிவம்) தர வேண்டும். ஒரு வியாபாரி அதைத் திருத்தித் தன் சர்வரில் ஓட்டி, மீனவர்கள் பிரவுசரில் பார்த்தால்? நகல் கைமாறவில்லை. எழுதியவர்களுக்கு வயிறெரியும், ஆனாலும் அது மீறல் இல்லை.

2007 நவம்பரில் வந்த ஏஜிபிஎல் 3 என்ற இன்னோர் உரிமம், இந்த ஓட்டையை 13-ஆம் பிரிவில் அடைக்கிறது. திருத்திய பதிப்பை இணையம் வழியே பயன்படுத்துபவருக்கும் மூலநிரலை இலவசமாகத் தர வேண்டும். பக்கத்தின் அடியில் ஓர் இணைப்பு வைக்கலாம். ஆனால் அங்கே இருக்க வேண்டியது இப்போது ஓடும் பதிப்பின் நிரல். நிரலைச் சேமித்து வைக்கும் கிட் களஞ்சியத்தின் ஆறு மாதப் பழைய பதிப்பைக் காட்டினால் அதுவே மீறல். திருத்தாமல் ஓட்டுபவருக்கு இந்தக் கட்டாயம் கிடையாது.

முதல்முறை மீறியவர், அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்தால், மீறலால் இழந்த உரிமை இரண்டு உரிமங்களிலும் திரும்பிவிடும். ஆகவே முதலில் தன்மையாக ஒரு மெயில் போடுங்கள்.

சர்வர் நிரலுக்கு ஏஜிபிஎல்தான் சரி. கைபேசிச் செயலிக்கு ஜிபிஎல் போதும். எதுவானாலும் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். பிறகு மாற்ற, பதிப்புரிமை உள்ள ஒவ்வொருவரின் சம்மதமும் வேண்டும். வளைகுடாவுக்கு வேலைக்குப் போய் மெயிலுக்குப் பதில் போடாதவர் எழுதிய பகுதியை நீக்கி, புதிதாக எழுத வேண்டிவரும்.