ஐ.என்.ஆர். பார்க்க ஒரு நாள் கூலி: சென்னையில் இதயத்துடிப்புக் கோளாறு

ஊருக்கு வந்து பெற்றோரின் மருந்து டப்பாவைத் திறப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் அல்லது வார்ஃபாரின் மாத்திரை அட்டை. இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய 5 மடங்கு. இந்த மருந்து அந்த ஆபத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் குறைக்கும். மாத்திரை மலிவுதான். அளவு பார்த்துக் கொடுப்பதில்தான் செலவெல்லாம்.

ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற அளவு 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். தொடக்கத்தில் வாரத்துக்கு ஒரு தடவையாவது, நிலைத்த பிறகு மாதம் ஒரு தடவை ரத்தம் பார்க்க வேண்டும். அண்ணா நகரில் லேப் பையன் வீட்டுக்கே வருகிறார். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட், ராத்திரிக்குள் போனில் டோஸ். கூலி வேலைக்காரருக்கு அரசு மருத்துவமனையில் சோதனைக்குக் காசில்லை, ஆனால் ஓ.பி. சீட்டு, ரத்தம் கொடுக்கிற வரிசை, ரிப்போர்ட், மறுபடி டாக்டர் என்று அன்றைய கூலி போய்விடும். இரண்டு மாதம் போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்கவே வேண்டாம். மருத்துவச் செலவைப் பெரும்பாலும் அரசே ஏற்கும் டென்மார்க்கிலும் ஃபின்லாந்திலும்கூட வருமானம் குறைந்தவர்களுக்கு இந்த மருந்து தொடங்குவது குறைவு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ரத்தம் எடுக்கும்போது நீல மூடிக் குழாயைக் கவனியுங்கள். குழாயில் ரத்தம் உறையாமலிருக்க 0.3 மி.லி. சிட்ரேட் திரவம் இருந்தால் ரத்தம் 2.7 மி.லி., கோடு வரை நிரம்ப வேண்டும். குறைந்தால் ஐ.என்.ஆர். பொய்யாகக் கூடிக் காட்டும். அதை நம்பி டோஸைக் குறைத்தால் ரத்தம் உறைய வழி திறக்கும். முருங்கைக்கீரையை ஒரேயடியாக நிறுத்தச் சொல்பவர்கள் உண்டு. தேவையில்லை, வாராவாரம் ஒரே அளவு போதும். இந்த மருந்தோடு மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை, வலி மாத்திரை, நாட்டு மருந்து சேர்ந்தால்தான் வம்பு.

வெளிநாட்டிலிருந்து அபிக்சபான் என்ற புதுவகை உறைவுத் தடுப்பு மாத்திரை கொண்டுவருகிறீர்களா? ஐ.என்.ஆர். தேவையில்லை, இப்போது இங்கேயும் ஜெனரிக் கிடைக்கிறது. ஆனால் 5 மி.கி. இரண்டு வேளை, ஒரு நாள் விட்டால் பாதுகாப்பு போச்சு. செயற்கை உலோக வால்வு வைத்தவருக்கும், மூட்டுவாதக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியவருக்கும் இது ஆகாது. சிறுவயதில் நெரிசலான வீட்டில் வந்த தொண்டைப் புண்ணே இந்தக் காய்ச்சலுக்கு வழிவிட்டு, பின்னாளில் வால்வைக் கெடுக்கிறது, ஆகவே அந்த நோயாளிகளில் ஏழைகளே அதிகம். 2022-இல் வந்த இன்விக்டஸ் ஆய்வில் இவர்களில் அபிக்சபான் இனத்து ரிவராக்சபான் எடுத்தவர்களைவிட வார்ஃபாரின் வகை எடுத்தவர்கள் குறைவாகவே இறந்தார்கள். ரத்தப் பரிசோதனைக்கு அலைய முடியாதவருக்கே அந்தப் பரிசோதனை கட்டாயமாகிறது.

முதலமைச்சர் காப்பீட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் வேண்டும். வால்வு அறுவை போன்றவைக்கு உதவும். மாதாமாத அலைச்சலுக்கு அல்ல. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு இந்த நோய் என்றால், மருந்து வாங்கித் தருவதைவிட மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு தருவது மேல்.

டோஸ் ஒரு நாள் 2, மறுநாள் 3 மி.கி. என்று மாறினால் கிளம்பும் முன் தினசரி காலண்டர் தாள்களில் எழுதிவையுங்கள். விட்டுப்போன மாத்திரையை அன்றைக்குள் போடலாம். மறுநாள் சேர்த்துப் போடக்கூடாது.