ஆங்கில பிரிப்பொசிஷன் அட்டைக்கட்டு: பெயரடைப் பகுதிக்காகவே வாங்கலாம்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்து டியூஷன் வகுப்புகளில் இப்போது ஓர் அட்டைக்கட்டு கைமாறிக்கொண்டிருக்கிறது. 90 அட்டை, சுருள்கம்பி போட்ட 64 பக்க டியூட் (வகுப்புக் குறிப்புப் புத்தகம்), வாட்ஸ்அப்பில் அனுப்பும் 14 ஒலிப்பதிவு, எல்லாம் சேர்த்து 950 ரூபாய். ஆங்கிலத்தில் எந்தப் பெயரடைக்கும் எந்த வினைக்கும் பின்னால் எந்தப் பிரிப்பொசிஷன் ('அட்', 'ஃபோர்', 'டு' போன்ற சின்னச் சொல்) வரும் என்பதைத் தவிர வேறு ஒன்றும் இதில் கிடையாது. ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதும் பிள்ளைகளுக்கும் ஹோட்டல், கெஸ்ட் ஹவுஸ் வேலைக்குப் போகிறவர்களுக்கும் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள்.

வாங்கச் சொல்வதற்குக் காரணம், அட்டைகளை அடுக்கியிருக்கும் விதம். வழக்கமான டியூட்களில் ஏ முதல் இசட் வரை ஒரு நீளப் பட்டியல் இருக்கும். பிள்ளை பாடமாக்கும், பரீட்சை முடிந்த கையோடு மறந்துவிடும். இங்கே அடுக்கு தமிழ் வேற்றுமை உருபிலிருந்து தொடங்குகிறது. அட்டையின் முன்பக்கம் ஒரு தமிழ் வாக்கியம், அதில் உருபு மட்டும் சிவப்பு எழுத்தில். பின்பக்கம் முழு ஆங்கில வாக்கியம். தமிழ் உருபைத் தூக்கிக்கொண்டே ஆங்கிலத்துக்குள் போவதால்தான் நம் பிள்ளைகளுக்கு இவ்வளவு பிழை வருகிறது. பிழை பிறக்கும் இடத்தை அந்தச் சிவப்பு எழுத்து நேராகக் காட்டிவிடுகிறது.

'அம்மாவுக்கு என் மேல கோபம்' என்ற அட்டையைப் பாருங்கள். 'மேல' என்றதும் வாயில் வருவது 'ஆங்ரி ஆன் மீ'. பின்பக்கம் இருப்பது 'ஆங்ரி வித் மீ'. கோபம் ஒரு விஷயத்தைப் பற்றியது என்றால் 'ஆங்ரி அபவுட் த டிலே'. ஆளைச் சொல்லும்போதும் 'அட்' போடுகிறவர்கள் உண்டு, அமெரிக்க ஆங்கிலத்தில் அது அதிகம். ஒருவர் மேல் கோபம் என்று சொல்ல 'ஆன்' மட்டும் பொருந்தாது.

கட்டிலேயே சிறந்த பகுதி 'க்கு' அட்டைகள். நாய்க்குப் பயம் என்றால் 'அஃப்ரெய்ட் ஆஃப் டாக்ஸ்'. நுவரெலியா தேயிலைக்குப் பேர்போனது என்றால் 'ஃபேமஸ் ஃபோர் டீ'. இறாலுக்கு அலர்ஜி என்றால் 'அலர்ஜிக் டு ப்ரோன்ஸ்'. சமையலறைக்கு அவர்தான் பொறுப்பு என்றால் 'ரெஸ்பொன்சிபிள் ஃபோர் த கிச்சன்'. தமிழில் ஒரே 'க்கு', ஆங்கிலத்தில் அது மூன்று பக்கமாகப் பிரிகிறது. இந்த நான்கையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தால், 'க்கு' என்றதும் கண்ணை மூடிக்கொண்டு 'டு' போடும் பழக்கம் ஆட்டம் காணும்.

அதே பகுதியில் 'நான் குளிருக்குப் பழகிவிட்டேன்' என்றும் ஓர் அட்டை இருக்கிறது: 'ஐ ஆம் யூஸ்ட் டு த கோல்ட்'. இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மலை ஏறி நடந்து பழகியவர் சொல்ல வேண்டியது 'ஐ ஆம் யூஸ்ட் டு வோக்கிங்'. 'ஐ யூஸ்ட் டு வோக்' என்றால், முன்பு நடப்பேன், இப்போது இல்லை என்று பொருள் மாறிவிடும். முதல் வாக்கியத்தில் 'டு' ஒரு பிரிப்பொசிஷன், அதனால் அடுத்து வரும் வினைக்கு 'இங்' சேர வேண்டும். கெஸ்ட் ஹவுஸ் மின்னஞ்சல்களில் ஓயாமல் வரும் 'லுக்கிங் ஃபோர்வர்ட் டு மீட் யூ' என்ற பிழைக்கும் இதே காரணம்தான், 'மீட்டிங் யூ' என்று வர வேண்டும். டியூட்டின் 19ஆம் பக்கம் இதை நான்கே வரியில் முடித்துவிட்டது. ஒரு முழுப் பக்கம் கொடுத்திருக்க வேண்டும்.

'இல்' பகுதியில் ஆர்வம் சிக்கலில்லாதது. 'அதில் ஆர்வம்' என்பது 'இன்டரஸ்டட் இன்' என்று நேராக விழும். 'கணக்கில் கெட்டிக்காரி'தான் வழுக்கும், அதற்கு 'குட் அட் மேத்ஸ்'. பிள்ளைகளைப் பக்குவமாகப் பார்த்துக்கொள்பவர் 'குட் வித் சில்ட்ரன்', உடம்புக்கு நல்லது 'குட் ஃபோர் யூ', என்னிடம் அன்பாக நடந்தார் 'குட் டு மீ'. நான்கையும் ஒரே அட்டையில் போட்டது அருமையான வேலை. பிரிப்பொசிஷன் மாறினால் பெயரடையின் பொருளே மாறும் என்பதைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

'ஓடு' என்ற உருபுக்கான அட்டையில் ஒரு தவறு இருக்கிறது. 'மேரீட் டு' சரி, 'மேரீட்' என்ற சொல்லுக்குப் பின் 'வித்' ஒருபோதும் வராது என்று எழுதியிருக்கிறார்கள். 'ஷீ இஸ் மேரீட் வித் டூ சில்ட்ரன்' என்பது நல்ல ஆங்கிலம்: திருமணமானவர், இரண்டு பிள்ளைகள். கணவனையோ மனைவியையோ சொல்லும்போதுதான் 'டு'. அந்த வரியைப் பேனாவால் திருத்திவிட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள்.

33ஆம் பக்கத்தில் வினை தொடங்குகிறது, தரமும் அங்கேதான் இறங்குகிறது. உருபு அடுக்கைக் கைவிட்டு, பழைய ஏ முதல் இசட் பட்டியலுக்கே திரும்பிவிட்டார்கள். 'லுக் அட்', 'லுக் ஃபோர்', 'லுக் ஆஃப்டர்', 'டிபெண்ட் ஆன்', 'லிஸன் டு' எல்லாம் சரியாக இருக்கின்றன, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிரிப்பொசிஷனே வேண்டாத வினைகளுக்கு ஓர் அட்டைகூட இல்லை. நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுவது அங்கேதான். 'சம்பளத்தைப் பற்றிப் பேசினார்கள்' என்பதிலுள்ள 'பற்றி', 'டிஸ்கஸ் அபவுட்' ஆகிவிடுகிறது. 'டிஸ்கஸ்' தனியாக நிற்கும். குழப்பம் கூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பெயர்ச்சொல்லாக வந்தால் 'எ டிஸ்கஷன் அபவுட் வேஜஸ்' சரி. 'ரிக்வெஸ்ட்' என்பதும் அப்படியே, வினையாக வந்தால் 'ஃபோர்' வேண்டாம், பெயராக வந்தால் வேண்டும்.

பயணத்தைச் சொல்லும்போதும் இதே தடுக்கல். 'ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தோம்' என்பதிலுள்ள 'க்கு'வைப் பார்த்து 'ரீச் டு', 'அரைவ் டு' என்கிறார்கள். 'வீ ரீச்ட் நானுஓயா' என்பதற்கு நடுவில் ஒன்றும் வேண்டாம். 'அரைவ்' என்றால் ஸ்டேஷன் போன்ற இடத்துக்கு 'அட்', நகரத்துக்கு 'இன்': 'அரைவ்ட் அட் நானுஓயா ஸ்டேஷன்', 'அரைவ்ட் இன் நுவரெலியா'. 'டீச்சரிடம் கேள்' என்பது 'ஆஸ்க் த டீச்சர்', லீவு கேட்பது 'ஆஸ்க் ஃபோர் லீவ்'. 'எனக்கு விளக்கினார்' என்பதற்கு மட்டும் மறுபக்கமாக ஒரு 'டு' சேர்க்க வேண்டும்: 'எக்ஸ்ப்ளெய்ன்ட் இட் டு மீ'. இவற்றுக்காக 12 வெற்று அட்டை வெட்டி, நீங்களே எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரிசெப்ஷனில் நிற்பவருக்கு இன்னொன்றும் குறைகிறது. சில வினைகள் ஆளுக்கு ஒன்று, விஷயத்துக்கு ஒன்று என இரண்டு பிரிப்பொசிஷன் கேட்கும். 'கம்ப்ளெய்ன் டு த மேனேஜர் அபவுட் த ஹொட் வோட்டர்', 'அபோலஜைஸ் டு த கெஸ்ட் ஃபோர் த டிலே', 'அப்ளை டு த ஹோட்டல் ஃபோர் த ஜொப்'. டியூட் ஒவ்வொன்றிலும் பாதியை மட்டுமே தருகிறது. வினை, ஆள், விஷயம் என்று மூன்று கட்டம் போட்டுப் பயிற்சி செய்தால் இது ஒரு வாரத்தில் படிந்துவிடும்.

கேள்வி வாக்கியம் இல்லாததுதான் மிகப் பெரிய குறை. 90 அட்டையிலும் ஒரு கேள்விகூட இல்லை. தமிழில் உருபு கேள்விச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும்: யாருக்காக, எதில், எதற்கு. ஆங்கிலப் பேச்சில் அது வாக்கியத்தின் கடைசிக்குப் போய் நிற்கும்: 'ஹூ ஆர் யூ வெய்ட்டிங் ஃபோர்?', 'வட் இஸ் ஷீ குட் அட்?'. 'வெய்ட் ஃபோர்' என்று தூக்கத்தில்கூடச் சொல்லும் பிள்ளை 'ஹூ ஆர் யூ வெய்ட்டிங்?' என்று நிறுத்திவிடும். ஆகவே ஒவ்வோர் அட்டையையும் சொல்லி முடித்ததும் அதையே கேள்வியாக மாற்றிச் சொல்ல வைக்க வேண்டும்.

ஒலிப்பதிவுகள் தெளிவாக இருக்கின்றன, அளவுக்கு மீறித் தெளிவாக. எல்லா இடத்திலும் 'ஃபோர்' என்று அழுத்திச் சொல்கிறார்கள். இயல்பான பேச்சில் நடுவில் வரும் 'ஃபோர்' சுருங்கி 'ஃபர்' ஆகும், 'ஆஃப்' என்பது 'அவ்' ஆகும். வாக்கியக் கடைசியில் நிற்கும்போதுதான் முழு ஒலி கிடைக்கும். சிவனொளிபாதமலை சீசனில் ஹட்டனில் இறங்கும் வெளிநாட்டவரின் பேச்சில் இந்தச் சின்னச் சொற்கள் காதில் விழாமல் போவது இதனால்தான்.

ஒரு நாளைக்கு 6 அட்டை போதும், 15 நாளில் கட்டு முடியும். தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து, திருப்புவதற்கு முன் ஆங்கிலத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிழைத்த அட்டையை மறுநாள் காலையிலும், மூன்றாம் நாளும், ஒரு வாரம் கழித்தும் திரும்ப எடுக்க வேண்டும். 'குட் அட்' என்ற ஜோடியை மட்டும் சொன்னால் கணக்கில் சேர்க்காதீர்கள், முழு வாக்கியம் வர வேண்டும்.

அட்டை மெல்லிய தாள். மலைநாட்டு ஈரத்தில் இரண்டே வாரத்தில் ஓரம் சுருள்கிறது. லேமினேட் செய்யுங்கள், முடியாவிட்டால் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வையுங்கள். போட்டோகொப்பிக் கடைகளில் இதே கட்டின் கறுப்பு வெள்ளைப் பிரதி 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் சிவப்பு எழுத்தெல்லாம் சாம்பலாகி மற்ற எழுத்தோடு கலந்துவிடுகிறது. காசு பற்றாவிட்டால் அதையே வாங்கி, 90 அட்டையிலும் உருபின் அடியில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள், ஒரு மணித்தியால வேலை.