ஜயன்ட்ஸ் காஸ்வே ஒருநாள் சுற்றுலா: டப்ளினிலிருந்தா, பெல்ஃபாஸ்டிலிருந்தா, தனியாகவா?

கடலோரக் கல்தூண்களுக்குப் பேர்போன ஜயன்ட்ஸ் காஸ்வேயையும் அது இருக்கும் வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கடற்கரையையும் ஒரே நாளில் பார்த்துவர மூன்று வழிகள் உண்டு: டப்ளினிலிருந்து வழிகாட்டியோடு கிளம்பும் சுற்றுலாப் பேருந்து, பெல்ஃபாஸ்டிலிருந்து கிளம்பும் அதே மாதிரிப் பேருந்து, ரயிலும் ஊர்ப் பேருந்தும் மாறி நாமே போவது. விளம்பரத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே படங்கள்தான். பேருந்துக்குள் எத்தனை மணிநேரம் உட்கார்ந்திருக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

டப்ளினிலிருந்து காஸ்வே ஏறத்தாழ 270 கி.மீ. காலை ஏழு மணிக்கு முன்பே ஏறினால் திரும்ப இரவு எட்டு ஆகிவிடும். இதில் பாதிக்கு மேல் நெடுஞ்சாலையில் கழியும். கற்களருகே வழக்கமாக ஒன்றரை முதல் இரண்டு மணிநேரம் தருவார்கள். மதியச் சாப்பாடும் கழிப்பறை வரிசையும் அதற்குள்ளேயே அடக்கம். சில நிறுவனங்கள் பெல்ஃபாஸ்ட் நகரையும் டைட்டானிக் அருங்காட்சியகத்தையும் இதில் திணிக்கின்றன. பட்டியல் நீள நீள, ஒவ்வோர் இடத்திலும் நிற்கும் நேரம் சுருங்கும்.

டப்ளின்காரர்களுக்கு விசாச் சிக்கலும் உண்டு. வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. குறுகியகால அயர்லாந்து விசாவில் வரும் இந்தியர்கள், அதில் ‘பி.ஐ.வி.எஸ்.’ (பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டம்) என்ற குறிப்பு இருந்தால்தான் அதே விசாவில் எல்லை தாண்டலாம். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. அயர்லாந்தில் படிக்கும், வேலை பார்க்கும் இந்தியர்களுக்கும் வதிவிட அட்டை போதாது, பிரிட்டன் விசா தனியாக வேண்டும். எல்லையில் சோதனைச் சாவடி இல்லைதான். அதனால் அனுமதி தேவையில்லை என்றாகிவிடாது. அந்தப் பக்கம் செலவுக்கு யூரோ அல்ல, பவுண்டு.

பெல்ஃபாஸ்டிலிருந்து உள்வழியாகச் சுமார் 100 கி.மீ.தான். காலை ஒன்பதை ஒட்டிக் கிளம்பி மாலை ஆறுவாக்கில் திரும்பிவிடலாம். மிச்சமாகும் நேரத்தில் கடலோரமாகச் செல்லும் ஏ2 சாலையைப் பிடிக்கலாம். இந்தச் சுற்றுலாவின் உயிரே அதுதான். ஆன்ட்ரிமின் ஒன்பது பள்ளத்தாக்குகளும் இந்தச் சாலையை ஒட்டித்தான் கடலில் இறங்குகின்றன. வடக்கே போகும்போது கடல் வலப்பக்கம் வரும், வலப்பக்க இருக்கையைப் பிடியுங்கள். பாலிகாசில் ஊரை நெருங்கும்போது தெரிவது மொய்ல் கடல். மாற்றாந்தாயின் சாபத்தால் அன்னங்களாகிய லிர் மன்னனின் நான்கு பிள்ளைகள் 300 ஆண்டுகள் குளிரில் தவித்ததாகச் சொல்லப்படும் நீர் இது. வழிகாட்டி இந்தக் கதையைச் சொல்லும்போது அந்தக் கடலே சன்னலில் ஓடும். டப்ளின் பேருந்தில் அதே கதையைப் பெரும்பாலும் நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டு கேட்கவேண்டியிருக்கும். ஆனால் பெல்ஃபாஸ்ட் நிறுவனங்களிலும் சில உள்வழியில் போய்விடுகின்றன. பயணத்திட்டத்தில் கடலோரச் சாலை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தனியாகப் போக விரும்பினால் பெல்ஃபாஸ்டிலிருந்து கோல்ரெய்னுக்கு ரயில், ஏறத்தாழ ஒன்றேகால் மணிநேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து காஸ்வேக்கு 172ஆம் எண் பேருந்து. கோடையில் கூடுதலாக 402 ஓடும். கற்கள் மேல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம் என்பதே இதன் பெரிய லாபம். இரண்டு பக்கமும் பீச் மரங்கள் கவிந்து நிற்கும் டார்க் ஹெட்ஜஸ் சாலையை இந்த வழியில் மறந்துவிட வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை பேருந்துகள் குறைவு, கடைசி வண்டியைத் தவறவிட்டால் டாக்ஸிக்கு அழவேண்டும்.

எந்த வழியில் வந்தாலும், பார்வையாளர் மையத்திலிருந்து கற்களுக்கு ஒரு கி.மீ. சரிவில் இறங்கவேண்டும். ஏறமுடியாதவர்களுக்குச் சிறு கட்டணத்தில் வண்டி உண்டு. கற்களைப் பார்க்கக் கட்டணமே இல்லை; டிக்கெட் வாங்கவேண்டியது பார்வையாளர் மையத்துக்கும் வாகன நிறுத்தத்துக்கும்தான். எரிமலைக் குழம்பு ஆறியபோது சுருங்கி வெடித்து உருவான சுமார் 40,000 பசால்ட் தூண்கள் இவை. ஊர்க்கதையோ, ஸ்காட்லாந்து அரக்கனோடு மோதப் போக அயர்லாந்து அரக்கன் ஃபின் மெக்கூல் போட்ட பாதை என்கிறது. அந்தப் பாதையில் வந்த ஸ்காட்லாந்து அரக்கனின் உருவத்தைக் கண்டு ஃபின் மிரள, அவன் மனைவி கணவனைத் தொட்டிலில் கிடத்திக் குழந்தை என்றாளாம். குழந்தையே இந்த அளவென்றால் அப்பன் எப்படியிருப்பான் என்று அஞ்சி, பாதையைப் பெயர்த்தபடி ஓடினானாம் வந்தவன். கடலுக்கு அக்கரையில் ஸ்காட்லாந்தின் ஸ்டாஃபா தீவிலும் இதே வகைத் தூண்கள் நிற்பதால், கதை கட்டியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நீரோரக் கருங்கற்கள் ஈரத்தில் வழுக்கும், அலை திடீரென ஏறும். பிடிமானமுள்ள காலணி அவசியம். குடை காற்றில் மடங்கிவிடும், மழைச்சட்டையே நல்லது.

அதிகம் ஏமாற்றுவது காரிக்-அ-ரீட் கயிற்றுப் பாலம். சுமார் 30 மீட்டர் உயரத்தில் 20 மீட்டர் நீளத்துக்குத் தொங்குவது. காற்று பலமாக வீசினால் மூடிவிடுவார்கள். நேரம் குறித்த டிக்கெட் என்பதால் தனியாகப் போகிறவர்கள் முன்பதிவு செய்யவேண்டும். சுற்றுலாக் கட்டணத்தில் பாலம் அடங்குமா, மூடினால் பணம் திரும்புமா, பதிலுக்கு டன்லூஸ் கோட்டை இடிபாடுகளில் நிறுத்துவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். டப்ளினில் தங்கியிருப்பவர்களுக்கு இரண்டு நாள் கிடைத்தால், முதல்நாள் மாலை ரயிலில் இரண்டேகால் மணிநேரம் பயணித்து பெல்ஃபாஸ்டில் இரவு தங்கி, மறுநாள் அங்கிருந்து சுற்றுலாவில் சேர்வதே மேல். ஒரே நாள்தான் கையிலென்றால், டைட்டானிக்கைச் சேர்க்காத டப்ளின் பேருந்தாகப் பாருங்கள்.