விரல் ஆக்சிமீட்டர்: எண்ணுக்கு முன்னால் அலையைப் பாருங்கள்

வேலூர் ஐடா ஸ்கடர் ரோட்டில் எந்த சர்ஜிக்கல் கடையில், விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் கேட்டாலும் பொதுவாக மூன்று தினுசு எடுத்து வைப்பார்கள். ஒன்று, சிவப்பு எண்கள் மட்டும் எரியும் மலிவு ரகம். இரண்டாவதில் எண்ணோடு ஏறி இறங்கும் ஒரு கோடும் இருக்கும். மூன்றாவதில் சின்னத் திரை, அதில் எண், நாடியின் அலை, 'பி.ஐ.' என்று ஒரு தசம எண். கொரோனா உச்சத்தில் இருந்த 2021 மே மாதத்தில் எது கைக்குக் கிடைத்தாலும் போதும் என்றிருந்தது. இன்று நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம். மூன்றாவதைத் தவிர மற்ற இரண்டும் காசுக்குக் கேடு என்பதே இந்த மதிப்புரையின் தீர்ப்பு. காரணம் கருவியின் உள்ளே இருக்கிறது.

விரலின் ஒரு பக்கத்தில் இரண்டு விளக்குகள். ஒன்று 660 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பு. இன்னொன்று 940க்கு அருகில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. எதிர்ப்பக்கம் ஒளி உணரி. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் அகச்சிவப்பை அதிகம் விழுங்கும், ஆக்சிஜன் இறங்கிய ரத்தம் சிவப்பை அதிகம் விழுங்கும். தோலும் எலும்பும்கூட ஒளியை விழுங்கத்தான் செய்கின்றன, ஆனால் அவை துடிப்பதில்லை. துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கும் பங்கை மட்டும் பிரித்தெடுத்தால் அது தமனி ரத்தத்தின் கணக்கு. ஊசி குத்தாமலே ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்க வழி காட்டிய இந்த யோசனை டகுவோ அவோயாகி என்ற ஜப்பானியப் பொறியாளருடையது. 1974-ல் வெளியிட்டார். உலகமே இந்தக் கருவியைத் தேடி அலைந்த 2020 ஏப்ரலில், 18ஆம் தேதி, அவர் காலமானார். அந்த மனிதருக்கு எத்தனை வீடுகள் கடன்பட்டிருக்கின்றன என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

ஆக, கருவிக்கு நுரையீரல் தெரியாது, மூச்சும் தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் துடிப்பும் நிறமும்தான். துடிப்பு சரியாகக் கிடைக்காவிட்டால் அது காட்டும் எண்ணுக்கு அர்த்தமில்லை. இங்கேதான் 85 என்ற எண்ணின் சங்கதி வருகிறது. இரண்டு ஒளியின் துடிப்புப் பங்குகளையும் ஒப்பிட்டு வரும் விகிதம் 1 ஆனால் ஏறக்குறைய 85 காட்டும்படி கருவியின் அட்டவணை அமைந்திருக்கிறது. விரல் சில்லிட்டிருந்தால், நடுங்கினால், உணரிக்குப் போவது வெறும் இரைச்சல். இரைச்சல் இரண்டு ஒளியையும் ஒரே மாதிரி ஆட்டும். விகிதம் 1 பக்கம் சாயும். எண் 85 பக்கம் நகரும். நல்ல ஆரோக்கியமான ஆளுக்குத் திடீரென்று 86, 84 என்று வந்து குடும்பமே பதறுவது இதனால்தான். இதற்கு மறுபக்கமும் உண்டு, அதுதான் ஆபத்து: உண்மையில் 75-ல் இருப்பவரின் சில்லிட்ட விரலிலும் அதே 85 வரலாம். அலை தெரியும் கருவியில் இந்தக் குழப்பம் இல்லை. சீரான இடைவெளியில், ஒரே உயரத்தில், கூராக எழுந்து சரியும் அலை வந்தால் எண்ணை நம்பலாம். அலை கிழிந்து, தட்டையாக, தாறுமாறாக ஓடினால் எண்ணை எழுதவே வேண்டாம். பி.ஐ. என்பது துடிப்பின் பலம். அது அரைக்குக் கீழே இருந்தால் விரலைச் சூடாக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

எண் மட்டும் எரியும் ரகத்தில் இன்னொரு கோளாறும் உண்டு. 98 என்று எரிவதை எதிர்ப்பக்கமிருந்து பார்த்தால் 86 என்று தெரியும். தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், புரிந்துவிடும். கட்டிலின் கால்மாட்டில் நின்று படிப்பவர் 86 என்று கூவுவார், நோயாளிக்குப் பாதி உயிர் போய்விடும். திரை உள்ள ரகங்களில் பட்டனைத் தட்டினால் எழுத்து திரும்பிக்கொள்ளும். போதாததற்கு நாடித் துடிப்பு எண்ணும் பக்கத்திலேயே எரிவதால் எது எது என்று தடுமாறுபவர்கள் ஏராளம். 'எஸ்.பி.ஓ.2', சதவீதக் குறி, இரண்டும் எந்த எண்ணருகே இருக்கிறதோ அதுதான் ஆக்சிஜன்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு ஆக்சிமீட்டர், பி.பி. மெஷின், நெபுலைசர், டிஜிட்டல் தெர்மாமீட்டர், குளுகோமீட்டர் ஐந்துக்கும் வணிக லாபம் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டிப்போட்டது. அலை காட்டும் கருவிக்கும் காட்டாததற்கும் இன்று விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. அட்டைப்பெட்டியில் எம்.ஆர்.பி.யும் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரியும் இல்லாததை வாங்காதீர்கள். ப்ளூடூத், செல்போனில் வரைபடம் இதற்கெல்லாம் கூடுதல் காசு வேண்டாம். கோடு போட்ட நோட்டு போதும்.

அளக்கும் முறையில்தான் பாதி பேர் தவறுகிறார்கள். மாடிப்படி ஏறி வந்த உடனே மாட்டக் கூடாது. ஐந்து நிமிஷம் நாற்காலியில் சாய்ந்து உட்காரட்டும். கையை மேசையிலோ மடியிலோ வைத்து, நெஞ்சு உயரத்துக்குக் கீழே ஓய்வாக விடவேண்டும். நடுவிரலோ ஆள்காட்டி விரலோ, நகம் மேலே பார்க்கும்படி, நுனி கருவியின் முட்டுவரை போகவேண்டும். நகம் நீளமாக இருந்தால் விரல் முட்டுவரை போகாது, ஒளி உணரியின் மேல் விழாது. போட்டதும் முதலில் எரியும் எண்ணைப் படிக்காதீர்கள். ஒரு நிமிஷம் ஆடாமல் இருந்து, எண் ஐந்தாறு விநாடி ஒரே இடத்தில் நின்றபின் எழுதுங்கள். நுரையீரலில் நடக்கும் மாற்றம் விரல் நுனிக்கு வந்து சேரவே அரை நிமிஷம்வரை ஆகும். அதே கையில் பி.பி. பட்டை இறுகிக்கொண்டிருந்தால் ரத்தம் நின்று எண் விழும். அந்தக் கையை விட்டு மறு கையில் பாருங்கள்.

வெளிச்சமும் கெடுக்கும். மொட்டைமாடி வெயிலிலோ ஜன்னல் ஓரத்திலோ உட்கார்ந்து பார்த்தால் வெளி ஒளி உணரிக்குள் புகும். கையின்மேல் துண்டை மடித்துப் போட்டாலே சரியாகிவிடும். குளிர் இதைவிட மோசம். வேலூர் வெயிலில் யாருக்கும் விரல் சில்லிடாது என்று நினைக்கிறோம், ஆனால் மார்கழிக் காலையிலும் ஏ.சி. வார்டிலும் சில்லிடும். ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் சொல்லவே வேண்டாம். உள்ளங்கைகளைத் தேய்த்து, வெந்நீர் டம்ளரைக் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டுப் போட்டால் அலை எழும்பும்.

மருதாணிக்குத் தனியாகச் சொல்லவேண்டும். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி வீடுகளில் ரம்ஜானும் கல்யாணமும் வந்தால் விரல் நுனி முழுக்க மெஹந்திதான். இலையை அரைத்து வைத்துச் சிவந்த மருதாணி பெரிதாகத் தடுப்பதில்லை. கறுப்பாக அடர்ந்து பூசும் ரகம் ஒளியை மறைக்கும். அலையே வராமல் போகும். கறுப்பு, நீலம், பச்சை நெயில் பாலிஷ் சில புள்ளிகளைக் குறைத்துக் காட்டலாம். பூசாத விரலைத் தேடுங்கள், அதுவும் இல்லையென்றால் கருவியைப் பக்கவாட்டில் திருப்பி, நகத்தைத் தவிர்த்துப் போட்டுப் பாருங்கள், அல்லது கால்விரலில் போடுங்கள். தோல் பதனிடும் வேலையிலும் கட்டட வேலையிலும் காய்த்துப் போன விரல்களில் பி.ஐ. குறைவாகவே வரும். அவர்களுக்கு இடது கை மோதிரவிரல் பரவாயில்லை. கைக்குழந்தைக்குப் பெரியவர்களின் கிளிப் பொருந்தாது. அதற்கென்று தனி சென்சார் இருக்கிறது.

அலை நன்றாக இருந்தும் எண் ஏமாற்றும் மூன்று இடங்கள் உண்டு. ஒன்று, புகை. பீடி சிகரெட் குடிப்பவர், மூடிய அறையில் விறகடுப்பு மூட்டுபவர், இவர்கள் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்கும். கருவி அதையும் ஆக்சிஜன் என்று எண்ணிக் கூட்டிக் காட்டும். இரண்டாவது ரத்தசோகை. ஹீமோகுளோபின் 6 இருக்கும் பெண்ணுக்கும் 99 காட்டும். இருக்கும் கொஞ்ச ரத்தம் நிறைந்திருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள், உடம்புக்குப் போதுமான ஆக்சிஜன் போகிறது என்பதல்ல. நம் ஊரில் இதை மறக்கவே கூடாது. மூன்றாவது தோல் நிறம். 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு இது: கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், தமனி ரத்தத்தில் உண்மை அளவு 88க்குக் கீழே இருந்தது வெள்ளையருக்கு 3.6 சதவீதம், கறுப்பினத்தவருக்கு 11.7 சதவீதம். கருத்த நிறத்தில் கருவி கூட்டிக் காட்டுகிறது. நம்மில் பலருக்கு இது பொருந்தக்கூடும். அதனால் 94 காட்டி மூச்சு வாங்கினால், மூச்சை நம்புங்கள்.

எண்ணை வைத்து என்ன செய்வது? 2022 ஜனவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் கொரோனா நோயாளிகளின் வீட்டுத் தனிமைக்குச் சொன்ன கணக்கு இன்றும் நல்ல அளவுகோல்: வெளி ஆக்சிஜன் இல்லாமல், ஒரு மணி நேரத்துக்குள் குறைந்தது மூன்று முறை பார்த்து 93 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மருத்துவ உதவி தேடவேண்டும். ஒரே ஒரு 92-க்காக ஆம்புலன்ஸ் அழைக்க வேண்டியதில்லை, மூன்று 92-க்குப் பிறகு உட்கார்ந்திருக்கவும் கூடாது. 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை, முடிந்தவரைக் குப்புறப் படுக்கவையுங்கள். உதடு நீலம் பாரித்தால், பேச்சு குழறினால், நெஞ்சு அழுத்தினால் கருவியைத் தேடவே வேண்டாம். சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு டாக்டர் 88 முதல் 92 வரை என்று குறித்துக் கொடுத்திருக்கலாம். அவர்களுக்கு அதுதான் கணக்கு.

உட்கார்ந்திருக்கும்போது 94க்கு மேல் இருந்தும் சந்தேகம் இருந்தால் நடந்து பார்க்கும் சோதனை உதவும். சமதரையில், கருவியை விரலில் மாட்டியபடியே ஆறு நிமிஷம் நடக்கவேண்டும். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்று நிமிஷம் போதும். எண் 93க்குக் கீழே போனாலோ, மூன்று புள்ளிக்கு மேல் இறங்கினாலோ டாக்டரைப் பாருங்கள். ஏற்கெனவே எண் குறைவாக இருப்பவரும் ஆஸ்துமாக்காரரும் இதைச் செய்யக் கூடாது. பீஞ்சமந்தை மாதிரி மலையூர்களில் இந்தச் சோதனைக்கு மதிப்பு அதிகம். கீழே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிக்கு இறங்கி வரும் முடிவை ராத்திரிக்கு முன்னாலேயே எடுக்கவேண்டும், விடியும்வரை தள்ளிப்போட முடியாது.

இந்தக் கருவியைப் பயன்படுத்தக் கூடாத இடம் ஒன்று உண்டு: வாசல். 2020 நவம்பர் 10 அன்று தமிழ்நாட்டில் பாதி இருக்கைகளோடு தியேட்டர்கள் திறந்தன. கொரோனா இரண்டாம் அலையில் மூடி, 2021 ஆகஸ்ட் 23 அன்று மறுபடி திறந்தன. அந்தக் காலத்தில் கூட்டம் கூடும் பல வாசல்களில் நெற்றிக்குத் தெர்மல் ஸ்கேனர், விரலுக்கு ஆக்சிமீட்டர் என்று வைத்தார்கள். மூன்று விநாடியில் எடுத்த எண் எண்ணே அல்ல. அதைவிட, தொற்று இருந்தும் நுரையீரல் கெடாதவருக்கு 98தான் காட்டும். அவர்தான் அரங்கில் உட்கார்ந்து பரப்பக்கூடியவர். துடைக்காத ஒரே கிளிப்பை நூறு விரலில் மாட்டுவது வேறு. இன்னொரு தொற்று வந்தாலும் இந்த வேலையைத் திரும்பச் செய்யாதீர்கள் என்று மண்டப, தியேட்டர் நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். அந்தக் காசில் ஜன்னல்களைத் திறக்க வழி செய்யலாம்.

பயணத்துக்கு எடுத்துப் போவது நல்ல யோசனை. வங்காளம், ஜார்க்கண்டிலிருந்து ஒரு நாளுக்கு மேல் ரயிலில் வந்து காட்பாடியில் இறங்கி, காந்தி ரோடு, பாபு ராவ் தெரு லாட்ஜ்களில் தங்கும் நோயாளிகளுக்கு நாள், நேரம், எண், நாடி, உட்கார்ந்தா நடந்தா என்று நான்கு வரியில் எழுதிய தாள் டாக்டர் முன்னால் மொழிச் சிக்கலைப் பாதி தீர்த்துவிடும். விமானத்தில் மட்டும் பயப்படவேண்டாம். கேபின் காற்றழுத்தம் 8,000 அடி மலைமேல் இருக்கும் அளவுவரை குறையும், ஆரோக்கியமானவருக்கே 90க்கு மேல் சில புள்ளிதான் காட்டும். தரையிலேயே 95க்குக் கீழே இருப்பவர் டிக்கெட் எடுக்கும் முன் டாக்டரைக் கேட்கட்டும்.

பென்சிலுக்கும் எண் காட்டுகிறது, எல்லாம் போலி என்று 2021-ல் வீடியோக்கள் சுற்றின. பென்சிலைக் கையில் பிடித்திருந்தால் கையின் நடுக்கமே துடிப்பாகப் பதிந்து நல்ல கருவியும் ஏமாறலாம். சரியான சோதனை வேறு: கருவி காட்டும் நாடியையும், மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிஷம் எண்ணிய நாடியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப் போகவில்லையென்றால் ஆக்சிஜன் எண்ணும் பொய்தான். செல்போன் ஆப் எதையும் நம்பவேண்டாம். போன் ஃப்ளாஷில் அந்த அகச்சிவப்பு விளக்கே கிடையாது.

பராமரிப்பு சுலபம். சானிடைசரை மேலே ஊற்றக் கூடாது, உள்ளே இறங்கிக் கண்ணாடியை மங்கலாக்கும். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துப் பிழிந்து, ரப்பர் மெத்தையைத் துடைத்து உலரவிடுங்கள். டி.வி. ரிமோட்டுக்குப் போடும் சின்ன செல் இரண்டுதான் இதற்கும். இந்தக் கருவிகளைக் கொன்றது பெரும்பாலும் அந்தச் செல்தான்: தொற்று அடங்கியதும் டிராயரில் போட்டு மறந்தார்கள், செல் கசிந்து ஸ்பிரிங்கில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிட்டது. இப்போதே எடுத்துத் திறந்து பாருங்கள். லேசாகப் பூத்திருந்தால் உலர்ந்த பிரஷால் தட்டி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துப் புதுச் செல் போட்டால் பல நேரம் உயிர் வந்துவிடும். ஸ்பிரிங் அரித்துப் போயிருந்தால் தூக்கிப் போடவேண்டியதுதான். உபயோகிக்காத நாட்களில் செல்லைக் கழற்றித் தனியாக வையுங்கள்.

ஓடுகிறது என்றால் இன்னும் ஒரு வேலை பாக்கி. வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கும் ஒரு நாளில் ஒவ்வொருவருக்கும் பார்த்து, சின்ன லேபிளில் எழுதிக் கருவியின் முதுகில் ஒட்டுங்கள்: அம்மா 98, தாத்தா 94 என்று. ராத்திரி இரண்டு மணிக்கு 93 காட்டினால், தாத்தாவுக்கு அது ஒரு புள்ளி இறக்கம், அம்மாவுக்கு ஐந்து.