ஓடிபியா, வங்கி ஆப்பா, யுபிஐ பின்னா? ஆன்லைனில் கார்டு தேய்ப்பவர்களுக்கு ஓர் அலசல்

கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்கத்து மூன்று இலக்க சிவிவி. இந்த மூன்றையும் அடித்துவிட்டால் மட்டும் இந்தியக் கடையில் பணம் நகராது. ‘வாங்குவது நீங்கள்தானா?’ என்று வங்கி இன்னொரு முறை கேட்கும். கடைகளில் நேரில் தேய்க்காத பரிவர்த்தனைகளுக்கு இந்த இரண்டாம் சரிபார்ப்பை 2009 ஆகஸ்ட் 1 முதல் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. ஆரம்பத்தில் அதற்கென ஒரு நிரந்தர பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பாதிப் பேர் பிறந்த தேதியை வைத்தார்கள், மீதிப் பேர் மறந்துபோனார்கள். அந்தக் கதை அப்படியே முடிந்தது.

இன்றைக்குப் போட்டியில் இருப்பவை மூன்று: எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி, வங்கி ஆப்பில் கொடுக்கும் ஒப்புதல், இந்தியாவின் சொந்தக் கார்டு நெட்வொர்க்கான ரூபேயின் கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்து அடிக்கும் பின் என்ற ரகசிய எண். எது நல்லது என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். எவ்வளவு தொகை, யாருக்குப் போகிறது என்பதை, சரி சொல்வதற்கு முன்னால் அந்த வழி என்னைப் படிக்கவைக்கிறதா? இப்போதெல்லாம் கார்டு மோசடி பெரும்பாலும் நம் கையாலேயே சம்மதம் வாங்கித்தான் நடக்கிறது.

ஓடிபியின் பெரிய பலம், அது எந்த போனிலும் வரும் என்பது. பட்டன் போன் வைத்திருக்கும் அப்பாவுக்கும் வரும், இன்டர்நெட் இல்லாத ஊரிலும் வரும். அதன் பலவீனத்தைப் பார்க்க ஒரு எஸ்எம்எஸ்ஸைக் கிட்டத்தில் வைத்துப் படித்தால் போதும். பல வங்கிகளின் செய்தியில் ஆறு இலக்கங்கள்தான் முதலில் நிற்கும். எந்தக் கார்டு, எவ்வளவு ரூபாய், எந்தக் கடை என்பதெல்லாம் பின்னால் வரும், அதுவும் ஆங்கிலத்தில். திரையின் உச்சியில் எட்டிப் பார்க்கும் நோட்டிஃபிகேஷனில் எண் மட்டும் தெரியும், மிச்சம் மூன்று புள்ளிகளுக்குள் போய்விடும். பல போன்களில் எண் தானாகவே கட்டத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும். போலித் தளத்தில் 399 ரூபாய்ச் சேலைக்குப் பணம் கட்டுவதாக நினைத்துக்கொண்டு, 49,000 ரூபாய்க்கு வந்த ஓடிபியை அடித்துவிட்டு நிற்பது இப்படித்தான். செய்தியில் தொகை சரியாகத்தான் இருந்திருக்கும். படிக்கத்தான் ஆளில்லை.

இன்னொரு சிக்கல், எஸ்எம்எஸ் நம் போனுக்குள் பூட்டி வைத்த பொருள் அல்ல. நம் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கியவனுக்கும் அது போகும். வாட்ஸ்அப்பில் ‘டிராஃபிக் சலான்’, ‘கல்யாணப் பத்திரிகை’ என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் கோப்பு) திறந்து நிறுவி, கேட்ட அனுமதிகளையெல்லாம் கொடுத்துவிட்டால், நம் எஸ்எம்எஸ்ஸை நமக்கு முன்னால் இன்னொருவன் படிப்பான். துபாயிலோ தோஹாவிலோ வேலை பார்ப்பவர்களுக்கோ இதற்கு நேர் எதிரான தலைவலி: ஊர் சிம்முக்கு வரவேண்டிய ஓடிபி வந்துசேருவதற்குள் பேமென்ட் பக்கம் காலாவதியாகிவிடும்.

வங்கி ஆப் ஒப்புதல் இந்த இடத்தில் ஒரு படி மேல். பணம் கட்டும்போது ஆப் திறந்து, கடையின் பெயரையும் தொகையையும் பெரிதாகக் காட்டி, பின் அல்லது கைரேகை கேட்கும். அடித்துக் கொடுக்கவோ, போனில் கேட்பவனிடம் சொல்லவோ எண் எதுவும் கிடையாது. எஸ்எம்எஸ் படிக்கும் ஏபிகேவுக்கும் அங்கே தீனி இல்லை. சிம்மில் சிக்னல் இல்லாவிட்டாலும் வைஃபை இருந்தால் வேலை நடக்கும். ஆனால் ஸ்மார்ட்போன் வேண்டும், எல்லா வங்கிகளும் இதைத் தருவதில்லை. ‘கஸ்டமர் கேர்’ என்று பேசுபவன் சொன்னான் என்று திரையைப் பகிரும் ஆப்பைப் போட்டுவிட்டு ஒப்புதல் கொடுத்தால், இதுவும் காப்பாற்றாது.

கிரெடிட் கார்டில் யுபிஐ என்பது 2022-இல் ரூபேக்கு வந்த வசதி. இதில் கடைக்காரர் கையில் கார்டு எண்ணே போவதில்லை, அதனால் அங்கிருந்து கசிய ஒன்றுமில்லை. பெயரும் தொகையும் கண்ணுக்கு முன்னால் வந்த பிறகுதான் பின் கேட்கிறது. சின்னச் சின்ன வாங்கல்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். விசா, மாஸ்டர்கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி இல்லை என்பதுதான் குறை.

இடையில் ஒரு பழைய அறிவுரையையும் தட்டிப் பார்க்க வேண்டும். ‘எந்தத் தளத்திலும் கார்டைச் சேமிக்காதே’ என்பது ஒரு காலத்தில் சரி. 2022 அக்டோபர் 1 முதல் இங்குள்ள கடைகள் கார்டு எண்ணை வைத்திருக்கவே கூடாது. அதற்குப் பதிலாக அந்தக் கடைக்கு மட்டும் செல்லுபடியாகும் மாற்று எண்ணான டோக்கன்தான் அவர்களிடம் இருக்கும். அது கசிந்தாலும் வேறு கடையில் செல்லாது. ஆகவே அடிக்கடி வாங்கும் பெரிய தளத்தில் சேமிப்பது, ஒவ்வொரு முறையும் எண்ணை அடிப்பதைவிட நல்லது என்பேன். டோக்கன் இருந்தாலும் ஓடிபி கேட்கும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்றில்லை.

வெளிநாட்டுத் தளங்கள் தனிக் கதை. அவற்றில் பல இரண்டாம் கேள்வியே கேட்காது: எண், தேதி, சிவிவி போதும், பணம் போய்விடும். நள்ளிரவில் ஓடிபி வராமலேயே டாலரில் பணம் போனதாகச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. 2020-இல் வந்த விதியால் ஆன்லைன், வெளிநாடு, டேப் செய்யும் வசதி ஒவ்வொன்றுக்கும் வங்கி ஆப்பில் தனித்தனி சுவிட்சும் வரம்பும் இருக்கின்றன. வெளிநாட்டு சுவிட்சை அணைத்தே வைத்திருங்கள். வாங்கும் அன்றைக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். 2025 செப்டம்பரில் வந்த ரிசர்வ் வங்கி விதிமுறை, வெளிநாட்டுக் கடை சரிபார்ப்பு கேட்டால் அதைச் செய்துகொடுக்கும் ஏற்பாட்டை 2026 அக்டோபர் 1-க்குள் கார்டு வழங்கும் வங்கிகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. கடை கேட்டால்தான். கேட்காத கடைக்கு உங்கள் சுவிட்ச்தான் காவல்.

ஒருவேளை பணம் போய்விட்டால், மேலே சொன்ன வித்தியாசங்கள் அப்போதும் கணக்கில் வரும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியே எங்கோ கசிந்து போன பணத்தைப் பற்றி, வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் நஷ்டம் உங்களுடையது அல்ல. ஓடிபியை நீங்களே சொல்லிவிட்டீர்கள் என்றால், வங்கியிடம் தெரிவிக்கும் வரை போனதெல்லாம் உங்கள் தலையில். ஆகவே முதல் வேலையாக ஆப்பில் கார்டை முடக்குங்கள். அப்புறம் வங்கிக்குச் சொல்லிப் புகார் எண் வாங்கிக்கொண்டு, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.